அருகம்புல்லுக்கு ஒரு பெட்ரோல் இயந்திரம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. நேரம் துல்லியமாகத் தெரியக் காரணம், அப்போது நான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். நாலரைக்குள் புல் வெட்டி முடிந்தால், வாரி ஒதுக்கிவிட்டு ஐந்து மணிக்கு மகளை வெளியே விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் இயந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் சின்னதாக ஒரு ‘டிங்’. தரையில் கரண்டி விழுந்தால் வருமே, அவ்வளவுதான். மகள் கத்தவில்லை. “அம்மா” என்று மட்டும் கூப்பிட்டாள், பென்சில் காணவில்லை என்றால் கூப்பிடும் அதே குரலில். திரும்பிப் பார்த்தேன். வராந்தாக் கம்பிக் கதவுக்கு உள்ளே, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். விரல் இடுக்குகளில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அவளைக் கம்பிக்கு உள்ளேயே நிற்கச் சொன்னவள் நான். பெட்ரோல் இயந்திரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவளும் நான்தான்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டை ஒட்டி இன்னொரு மனை காலியாகக் கிடந்தது. பள்ளமான மனை, மழைக்காலத்தில் குளம் போல நிற்கும், யாரும் கேட்டு வரவில்லை. நாங்களே வாங்கி, தெருவில் மற்றவர்கள் செய்தது போலவே தொழிற்சாலைக் கழிவைக் கொட்டி மேடாக்கினோம். உலோகத்தை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலையில் அச்செடுத்துக் கழித்த கருமணல், கசடு, உடைந்த செங்கல், அதோடு கலந்து ஆணி, நட்டு, வெல்டிங் குச்சியின் முனைகள். லாரி வந்து சாய்த்துவிட்டுப் போகும். மேலே ஒரு அடுக்கு செம்மண் போட்டால் வேலை முடிந்தது. எங்கள் தெரு முழுவதும் அப்படி எழும்பியதுதான்.

மகளுக்கு அப்போது பத்து வயது. நான்கு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் கிளப்பும் புழுதி காலையில் துடைத்த மேசையின் மேல் மதியத்துக்குள் படிந்துவிடும். நெஞ்சு மருத்துவர், “ரோட்டை உங்களால மாத்த முடியாது. வீட்டைச் சுத்தி வெறும் மண்ணா விடாதீங்க, ஏதாவது முளைக்கட்டும்” என்றார். நாங்கள் விதைக்க வேண்டியே இருக்கவில்லை. அந்த மேட்டில் அருகம்புல் தானாக வந்தது. இரண்டாவது மழைக்கு மனை முழுவதும் பச்சைப் பாய் விரித்தது போல் ஆகிவிட்டது. அந்த வருடம் மகள் பள்ளிக்கு விடுப்பு எடுத்த நாட்கள் குறைந்தன. வெறுங்காலோடு அதில் அவள் ஓடும்போது நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுபவர். தினமும் காலையில் வந்து ஒரு பிடி அருகம்புல் கிள்ளிப்போவார். ஹேண்டில் பாருக்கு மேலே ஒட்டியிருக்கும் பிள்ளையாருக்கு.

“மார்க்கெட்ல வாங்குனா நாய் மோந்த புல்லு டீச்சர். உங்க வூட்டுதுதான் சுத்தமா கீது. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, ஆனா எங்க புள்ளையார் உங்களாலதான் பொயைக்கிறாரு” என்பார்.

சிக்கல் புல் உயரமானபோது வந்தது. அருகம்புல் பூத்துவிட்டால் அந்தப் பூந்தூள் மகளுக்கு ஆகவில்லை. பூக்கும் முன், பத்து நாளுக்கு ஒரு முறையாவது வெட்டியாக வேண்டும். அரிவாளோடு வந்து அறுத்துத் தந்த பெரியவர் மகனோடு காட்டுப்பள்ளிப் பக்கம் குடிபோய்விட்டார். என் கணவருக்கு முதுகு வலி, குந்தி உட்கார்ந்து அறுக்க முடியாது. அவர் துறைமுகப் பணிமனையில் ஃபிட்டர்களுக்கு மேற்பார்வையாளர். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு மெஷின் உண்டு என்று நம்புகிறவர். ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போனோம், பம்ப்செட்டும் டீசல் என்ஜினும் விற்கும் தெருவுக்கு.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். முதலாவது கையால் தள்ளுவது. உருளையில் சுற்றிய கத்திகள், தள்ளத் தள்ளக் கத்தரிக்கோல் போல வெட்டும். இரண்டாவது கரண்டில் ஓடுவது, நீளமான ஒயரோடு. மூன்றாவது பெட்ரோல். சிவப்பு மூடி, இழுத்துக் கிளப்பக் கயிறு, பின்னால் புல் சேர ஒரு துணிப்பை, அடியில் காற்றாடி போலப் படுக்கையாகச் சுற்றும் ஒற்றைக் கத்தி.

என் கணவர் முதலாவதையே சுற்றிச் சுற்றி வந்தார். “இதுல கெட்டுப்போக ஒண்ணுமே இல்லை” என்றார்.

“சார், அது வெள்ளைக்காரன் காலத்துப் புல்லுக்கு. பட்டு மாதிரி இருக்கணும்” என்றார் கடைக்காரர். “அருகம்புல்லுன்றீங்க. ரெண்டு தள்ளு தள்ளுவீங்க, அப்புறம் முதுகுக்குத் தைலம் வாங்கப் போவீங்க.”

“அப்ப கரண்ட்?” என்று என்னைப் பார்த்தார் என் கணவர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈரப் புல்லின் மேல் ஒயர் கிடக்கும், குழந்தை வெறுங்காலில் ஓடும், உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஸ்விட்சுகள் ஏற்கெனவே பச்சை பூத்திருந்தன. ஒயரைக் கத்தியே வெட்டிக்கொள்ளும் காட்சி அந்தக் கடையில் நின்றபடியே எனக்குத் தெரிந்தது. எதிலும் ஆபத்தை முதலில் பார்ப்பது என் சுபாவம். சுடுதண்ணீர், மொட்டைமாடிக் கைப்பிடி, பேருந்துப் படிக்கட்டு, எல்லாவற்றிலும் என் மகளுக்கு என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் பெட்ரோல் என்று முடிவு செய்தேன். பாதுகாப்பு என்று நம்பித்தான் செய்தேன்.

கடைக்காரர் இயந்திரத்தைச் சாய்த்துக் கத்தியைக் காட்டினார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. தரையில கல்லு, ஆணி, போல்ட் எதுவும் இருக்கக் கூடாது. கத்தி பட்டுதுன்னா தோட்டா மாதிரி போவும்.”

அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இயந்திரம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. எங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். முதலில் கல் பொறுக்கினோம், இரண்டு மாலைகள், மூன்று பேரும் குனிந்து. பிறகு காந்தக்கார அம்மாவைக் கூப்பிட்டோம்.

எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு அவரைப் போன்றவர்களைத் தெரியும். கனமான காந்தக் கட்டையைக் கயிற்றில் கட்டி, லாரிகள் போகும் சாலையோரமாக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். நூறடிக்கு ஒரு முறை நின்று, முள்ளம்பன்றி போல ஒட்டியிருக்கும் இரும்பை வழித்துச் சாக்கில் போடுவார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகும் சரக்கு. இந்த அம்மா எங்கள் தெரு முனையில் தினமும் போகிறவர். கிடைப்பதை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்றதும் உடனே வந்தார். ஒரு பகல் முழுக்க மனையை நெடுக்காகவும் குறுக்காகவும் உழுதார். சாக்கு நிறைந்தது. எனக்கு மனம் நிறைந்தது.

போகும்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

“ஒட்டறது அல்லாம் வந்துச்சும்மா. பித்தள, செம்பு இதுல ஒட்டாது. அத்த நீங்கதான் கண்ணால பாத்துக்கணும்.”

என் கணவர் சிரித்தார். “பித்தளையா? இந்த ஊர்ல எவன் பித்தளையை மண்ணுல விட்டு வெச்சிருப்பான்?”

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். “அதுவும் கரீட்டுதான் நைனா. இருந்தா நானே வுட்டுட்டுப் போவனா?”

எங்கள் பகுதியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். தெருக்குழாயின் பித்தளைத் திருகு ஒரு ராத்திரிகூடத் தங்காது. கதவுக் கொண்டியில் பித்தளை பளபளத்தால் பெயர்த்துவிடுவார்கள். தொழிற்சாலைக் கழிவு ஒரு லாரியில் ஏறும் முன்பே பத்துக் கைகள் சலித்து, மதிப்புள்ளதை எடுத்திருக்கும். எஞ்சி வருவது இரும்பு மட்டும் என்பது எங்களுக்கு வாய்ப்பாடு போல. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எது காந்தத்தில் ஒட்டும், எது ஒட்டாது என்று வருடம் தவறாமல் ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப்போடுகிறவள். அன்றைக்கு எனக்கு அந்தப் பலகை நினைவுக்கு வரவில்லை. பித்தளைக்கு இந்த ஊரில் இருக்கும் மதிப்புதான் நினைவுக்கு வந்தது.

முதல் இரண்டு முறை வெட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டோக்காரருக்கு மட்டும் ஒரு குறை.

“இன்னா சார், புல்லுல பெட்ரோல் வாசன வருது. புள்ளையாரு மொகத்தத் திருப்பிக்கினாரு.”

“வேலியோரம் வெட்டாம விட்டிருக்கேன். அங்க கிள்ளிக்குங்க” என்றார் என் கணவர்.

“ஆட்டோவுக்கே பெட்ரோல் பத்தல, இங்க புல்லுக்கு ஊத்துறாங்க. நல்லா இருங்க.”

மூன்றாவது முறைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு பெருமழை பெய்து மேல்மண் கரைந்திருந்தது. அதையும் நாங்கள் யோசிக்கவில்லை. வராந்தா ஓரம் வந்து திரும்புவதற்காக என் கணவர் கைப்பிடியை அழுத்தி இயந்திரத்தின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார். அப்போதுதான் அந்த ‘டிங்’.

அவர் இன்னும் எதுவும் தெரியாமல் முதுகைக் காட்டியபடி தள்ளிக்கொண்டு போனார். நான் கூப்பிட்டது இரைச்சலில் கேட்கவில்லை. என் சத்தம் எதிர்வீட்டுக்கு முதலில் கேட்டது. ஆட்டோக்காரர் லுங்கியோடு ஓடி வந்தார். மகளைப் பார்த்தார், திரும்பிப் போய் ஆட்டோவைக் கிளப்பினார். அதற்குள் என் கணவரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன, துறைமுகக் கதவு வரைக்கும். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஆட்டோ நுழைந்து மாட்டிக்கொண்டது. அவர் இறங்கிப் போய் முன்னால் நின்ற லாரியின் கதவைத் தட்டினார்.

“அண்ணே, கொஞ்சம் நவுத்துண்ணே. கொயந்த கண்ணுண்ணே.”

மேலேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். “எங்க நவுத்த? முன்னாடி இடம் இருக்கா பாரு.”

“ஒரு மொழம் போதும். மீதிய நான் பாத்துக்கறேன்.”

லாரி ஒரு முழம் நகர்ந்தது. அதற்கு முன்னால் நின்றதும் நகர்ந்தது. அவர் ஒவ்வொரு லாரியாகத் தட்டிக்கொண்டே நடக்க, என் கணவர் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார். நான் உள்ளே மகளின் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் வைத்திருந்த துணியை எடுத்து ஒரு முறை பார்த்தேன். இமை கிழிந்திருந்தது. அதற்குக் கீழே கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒன்று. மறுபடி மூடிவிட்டேன்.

“ரொம்ப இருக்காம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல. இமைதான் கிழிஞ்சிருக்கு.”

“எனக்கு அந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியல.”

“ரத்தம் மறைக்குது. கழுவுனா சரியாயிடும்” என்றேன். எனக்கு அது தெரியாது.

நகரத்துக்குள் இருந்த கண் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் பார்த்தார். இமையில் நான்கு தையல். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கண்ணுக்குள் துண்டு எதுவும் தங்கவில்லை என்றார். ஆனால் அடி பட்டதில் கண்ணின் முன்பகுதிக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறது, அது வடியும் வரைக்கும் பின்னால் என்ன சேதம் என்று பார்க்க வழியில்லை என்றார். ஐந்து நாள் தலையை உயர்த்திப் படுத்திருக்க வேண்டும், இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்க வேண்டும். “இந்த அஞ்சு நாள்ல உள்ளே மறுபடி ரத்தம் கசிஞ்சா பார்வை போக வாய்ப்பு இருக்கு. குனியக் கூடாது, ஓடக் கூடாது, முக்கக் கூடாது. பலமா இருமக் கூடாது.”

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“இவளுக்கு வீசிங் இருக்கு டாக்டர்” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு, “நெஞ்சு டாக்டரையும் வரச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் காலை என் கணவர் வீட்டுக்குப் போய் வந்தார். கைக்குட்டையில் ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஏதோ பழைய வால்வின் மூடி, பாதியாக உடைந்தது. வராந்தாவில் செருப்பு வைக்கும் பலகைக்கு அடியில் கிடந்ததாம். மேலெல்லாம் களிம்பு ஏறி மண் நிறத்தில் இருந்தது. கத்தி பட்ட விளிம்பில் மட்டும் மஞ்சளாக மின்னியது.

“பித்தளை” என்றார். ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்.

உன்னால் என்று அவர் என்னைச் சொல்லவில்லை, நானும் அவரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போதும் தோன்றுகிறது. அந்த ஐந்து நாளும் நாங்கள் மருந்து நேரத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம். நான் மனதுக்குள் அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போனேன். கையால் தள்ளும் இயந்திரத்தைக் காட்டி, “இதுவே போதுங்க” என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் அதைச் சாக்கில் சுற்றிக் கட்டித் தந்தார். ஒவ்வொரு முறையும் வார்டுக்குத்தான் திரும்பி வந்தேன்.

மகள் எங்களைவிடத் தெளிவாக இருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்து யார் வருகிறார்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். “இது மாத்திரை சிஸ்டர். இது பெருக்குற அக்கா, ஒரு செருப்பு அறுந்திருக்கு.” ஒரு மதியம் என் கணவர் கட்டிலருகே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, நீங்க அழுதா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. மூக்கை உறிஞ்சறீங்க.”

“சளிம்மா.”

“வீசிங் எனக்கு. சளி உங்களுக்கா?”

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு இருமல் வந்தது. முதலில் தொண்டையைச் செருமினாள். எனக்கு அந்தச் செருமல் ஆறு வருடமாகத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன வரும் என்று தெரியும். ஓடிப்போய்ச் செவிலியரை அழைத்து வந்தேன். மருந்தைப் புகையாக இழுக்கும் முகமூடியை மாட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு, இருமலை உள்ளுக்குள்ளேயே சின்னச் சின்னதாக உடைத்து வெளியே விட்டாள். முகம் சிவந்தது. பத்து வயதுக் குழந்தை அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடத்தில் மூச்சு அடங்கியது. உள்ளே ரத்தம் கசிந்ததா இல்லையா என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. கட்டைப் பிரித்துப் பார்ப்பது இன்னும் ஆபத்து என்றார்கள்.

அன்று மதியம் ஆட்டோக்காரர் வந்தார். ஒரு தூக்கில் ரசமும் சாதமும்.

“அன்னிக்கு வெட்டாம வுட்ட புல்லு பூ வுட்டுச்சு டீச்சர். பாப்பா வரச்சொல்லோ இருக்கக் கூடாதுன்னு நானும் என் வூட்டுக்காரியும் அருவாள எடுத்து அறுத்துட்டோம். கோணலா மாணலாதான் கீது. திட்டாதீங்க.”

நான் எப்படி நன்றி சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னேனா என்பதே நினைவில்லை.

ஆறாம் நாள் பெரிய மருத்துவர் வந்து கட்டைப் பிரிப்பார் என்றிருந்தார்கள். ஒன்பது மணிக்கு என்றார்கள். மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன், தலை அசையாமல். ஒன்பதரைக்கு என் கணவர் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். பத்து மணிக்கு இளம் மருத்துவர் எட்டிப் பார்த்து, “ஆபரேஷன்ல இருக்கார், வந்துடுவார்” என்றார். பத்தரைக்கும் அதையே சொன்னார். மகள் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை என்றால் எந்தப் பக்கம் நான் நடக்க வேண்டும், சாலையைக் கடக்கும்போது எந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் என்று முடிவு செய்துவிட்டேன்.

பதினொன்றே காலுக்கு அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். உயரம் குறைவு. இன்னும் பச்சை உடுப்பிலேயே இருந்தார். மகளைச் சின்ன அறைக்கு அழைத்துப் போகச் சொன்னார். விளக்கை மங்கலாக்கிவிட்டுக் கட்டைப் பிரித்தார். கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி வெகு நேரம் பார்த்தார். பிறகு வலது கண்ணை அட்டையால் மறைத்து, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார்.

மகள் முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கு அடுத்ததையும் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் அவள் எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே போனது. ஆறாவது வரியில் ஒன்றைத் தப்பாகச் சொன்னாள், நின்று, திருத்திச் சொன்னாள். ஏழாவது வரியில் வாயை மூடிக்கொண்டாள்.

“போதும்” என்றார் அவர்.

விளக்கைப் போட்டார். கையைக் கழுவி, துடைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

“பார்வை இருக்கு. கடைசி வரியும் கொஞ்ச நாள்ல வரும். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அடுத்த மாசம் ஸ்கூலுக்கு அனுப்புங்க.” துண்டை மடித்து வைத்தார். “ஆனா இந்த மாதிரி அடி பட்ட கண்ணுல பல வருஷம் கழிச்சுக்கூட அழுத்தம் ஏறலாம். வலிக்காது, தெரியாமலே பார்வையைக் குறைச்சுடும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டணும். அம்மா, உங்களால முடியற வரைக்கும் நீங்க கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் அவளே வரணும். இப்பவே அவகிட்டயே சொல்லிடறேன்.”

அவர் குனிந்து, மகளின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, பெரியவர்களிடம் சொல்வது போலவே அவளிடம் சொன்னார்: “வருஷம் ஒரு தடவை. மறக்கக் கூடாது. சரியா?”